பழைய மாஸி 1035: புத்தகம் எங்கே தேடுவது, ரோட்டவேட்டரும் கலப்பையும் மாட்டுவது எப்படி?

வடவாற்றங்கரை:
வணக்கம். மாஸி பெர்குசன் 1035 டிராக்டர், தொண்ணூறுகளில் வந்த வண்டி. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் தவிர வேறு எந்தக் காகிதமும் கையில் இல்லை. கூடவே ஒன்பது கொழு உள்ள கலப்பை (கல்டிவேட்டர்) ஒன்று, இரண்டு டிஸ்க் உள்ள சட்டிக் கலப்பை ஒன்று, சேற்றில் ஓட்டப் போடும் இரும்புக் கேஜ் வீல் ஒரு ஜோடி. ஐந்தடி ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஒன்று பழையதாக விலை பேசி வைத்திருக்கிறோம். நிலம் மன்னார்குடி பக்கம், பாதி களி, பாதி மேட்டு நிலம்.

கேட்க வேண்டியவை: ஓட்டுநர் புத்தகம், பார்ட்ஸ் புத்தகம் எப்படிக் கிடைக்கும்? சீட்டுக்கு வலப்பக்கம் உள்ள இரண்டு லிவர்களில் எது எதற்கு? வண்டியிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாப்ட் நீளத்தை எப்படி முடிவு செய்வது? கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் சில நேரம் சரியாகத் தூக்குகிறது, சில நேரம் அசைவதே இல்லை. அதற்கு என்ன காரணம்?

செம்மண்பட்டறை:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

லிப்டைக் குறை சொல்வதற்கு முன் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பின்னால் உள்ள கருவிக்குத் தரும் ஷாப்ட்) லிவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டியின் லிப்ட் பம்ப் வெளியே இல்லை, பின் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கி இருக்கிறது. அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாப்ட். ஆகவே லிவர் நியூட்ரலில் இருந்தால் எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பம்ப் சுற்றாது, லிப்ட் எழாது. லிவரில் 'கிரவுண்ட்' நிலையும் இருந்தால், அதில் வண்டி நகரும்போது மட்டும்தான் பம்ப் சுற்றும். நின்றால் அதுவும் நிற்கும். "சில நேரம் தூக்குது, சில நேரம் தூக்கல" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

சோதனை எளிது. எஞ்சினை ஐடிலில் விட்டு, பி.டி.ஓ. லிவரை நியூட்ரலில் வைத்து, லிப்டை எழுப்பிப் பாருங்கள். எழாது. கிளட்சை முழுதாக மிதித்து லிவரை 'எஞ்சின்' நிலைக்குத் தள்ளி, கிளட்சை மெதுவாக விடுங்கள். எழுந்தால் லிப்டில் பழுதில்லை.

அடுத்து கிளட்ச். இரட்டைக் கிளட்ச் என்றால், பெடலைப் பாதி மிதிக்கும்போது வண்டி நிற்கும், ஆனால் பி.டி.ஓ.வும் பம்பும் ஓடும். முழுதாக மிதித்தால் இரண்டும் நிற்கும். ஒற்றைக் கிளட்ச் என்றால் மிதித்ததும் எல்லாம் நிற்கும். வரப்போரம் கிளட்சை மிதித்துக்கொண்டே கலப்பையைத் தூக்கப் பார்த்தால் தூக்காது. உங்கள் வண்டியில் எந்தக் கிளட்ச் என்று சொல்லுங்கள்.

வேளாண்பொறி:
புத்தகம் பற்றி. "மேனுவல் வேணும்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றை நீட்டுவார். அதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு.

ஓட்டுநர் கையேட்டில் லிவர்கள், எண்ணெய் அளவுகள், கிரீஸ் வைக்கும் இடங்கள், மணிக்கணக்குப்படி செய்ய வேண்டிய பராமரிப்பு இருக்கும். முதலில் தேட வேண்டியது இதுதான். பார்ட்ஸ் கேட்டலாக்கில் ஒவ்வொரு பகுதியும் பிரித்துப் போட்ட படமாக, பார்ட் எண்ணோடு இருக்கும். எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்த ஸ்பிரிங் முதலில் என்பது இதில்தான் தெரியும், அதனால் பிரித்து மாட்டுகிறவருக்குப் பெரிய துணை. சர்வீஸ் மேனுவல் பட்டறைக்கானது: கிளியரன்ஸ், டார்க், பிரஷர் சோதனை.

தேடும் முன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டியில் உள்ள தகட்டில் இருக்கும் டிராக்டர் சீரியல் எண், பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால், எஞ்சினுக்கு அந்த எஞ்சினின் புத்தகம் வேண்டும். டீலரிடம் சீரியல் எண்ணோடும் தயாரித்த ஆண்டோடும் கேளுங்கள், தமிழ்ப் பதிப்பு உண்டா என்றும் கேளுங்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டலாக் வைத்திருப்பார்கள். வேண்டிய பக்கங்களை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத இன்னொரு ஆவணமும் உண்டு: சோதனை அறிக்கை. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வரும், கீழ் லிங்க் (கருவி மாட்டும் இரண்டு கீழ்க் கைகள்) முனையில் எவ்வளவு எடை தூக்கும், இணைப்பின் அளவுகள், எண்ணெய்க் கொள்ளளவு எல்லாம் அளந்து எழுதியிருக்கும். விளம்பரத் தாளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ரோட்டவேட்டர், கல்டிவேட்டர் போன்ற கருவிகளுக்கும் இப்படி அறிக்கைகள் உண்டு. தெற்கே ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் இதே போன்ற நிலையம் இருக்கிறது, பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள்.

கருவிக்கும் தனிப் புத்தகம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ரோட்டவேட்டர் வாங்கும்போது அதன் தகட்டைப் போட்டோ எடுத்து, தயாரித்தவரிடம் பார்ட்ஸ் பக்கங்களைக் கேளுங்கள். பிளேடு வரிசைப் படம் அதில்தான் இருக்கும்.

கோபிஉழவன்:
இணையத்துல "1035 மேனுவல்"னு போட்டு இங்கிலாந்து எம்.எப். 35 (மாஸி பெர்குசன் 35) புத்தகத்தை விக்கிறாங்க. அது வீண் இல்லீங்க. லிப்ட், கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. 1035க்கு வேரே அந்த 35தான். ஆனா எஞ்சின் அளவை மட்டும் அதைப் பார்த்து எடுத்துறாதீங்க. பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் எஞ்சின் குடும்பத்துல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற நீளம்) 127 மி.மீ. ஒண்ணா இருந்தாலும், போர் (சிலிண்டர் உள் விட்டம்) 88.9 மி.மீ.ன்னு ஒரு வகை, 91.4ன்னு ஒரு வகை. வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் வேற வேற. எஞ்சின் எண்ணைச் சொல்லித்தான் வாங்கணும்.

பழைய புத்தகத்துல போட்டிருக்கிற எண்ணெய்ப் பேரும் இப்ப கடையில கிடைக்காது. இந்திய ஓட்டுநர் கையேட்டுல என்ன கிரேடு சொல்லியிருக்கோ அதையே ஊத்துங்க. பின் ஹவுசிங் எண்ணெய்தான் லிப்ட் எண்ணெயும். கேஜ் வீல் போட்டுச் சேறு அடிக்கிற வண்டிக்கு அதுல தண்ணி இறங்கிரும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, பால் கலந்தாப்ல வெளுத்திருந்தா மொத்தமா இறக்கி, ஸ்டிரெய்னரை (எண்ணெய் வடிகட்டுற சல்லடை) கழுவி, புதுசு ஊத்தணும். வெறுமனே மேல சேர்த்து ஊத்துனா கண்ட்ரோல் வால்வு துருப்பிடிச்சு ஒட்டிக்கும்.

வடவாற்றங்கரை:
செம்மண்பட்டறை அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். பி.டி.ஓ. லிவர் நடுவில் இருந்தது. இப்போது லிப்ட் எழுகிறது. கிளட்ச் இரட்டைதான், பாதி மிதித்தால் பி.டி.ஓ. ஓடுகிறது. வேளாண்பொறி ஐயா, எண்களைக் குறித்து டீலரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு லிவர்?

செம்மண்பட்டறை:
அந்த இரண்டு லிவரும் நகரும் குவாட்ரண்ட் தகட்டில் உள்ள எழுத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒன்று டிராப்ட் கண்ட்ரோல். மற்றது பொசிஷன் கண்ட்ரோல், அதே லிவரின் கீழ்ப் பகுதியில் ரெஸ்பான்ஸ். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்தால் லிப்ட் நம் பேச்சைக் கேட்காது.

பொசிஷனில் வேலை செய்ய: டிராப்ட் லிவரை முழுதாக மேலே வைத்துவிட்டுத் தொடவே கூடாது. பொசிஷன் லிவரை எங்கே நிறுத்துகிறீர்களோ, லிப்ட் கைகள் அந்த உயரத்தில் நிற்கும். ரோட்டவேட்டர், லெவலர் பிளேடு, மருந்து தெளிப்பான் எல்லாம் இதில்தான்.

டிராப்டில் வேலை செய்ய: பொசிஷன் லிவரை ரெஸ்பான்ஸ் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். அங்கே பாஸ்ட், ஸ்லோ என்றிருக்கும், கைகள் எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்பது அது. பிறகு டிராப்ட் லிவரை மெதுவாக இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் நிறுத்துங்கள். மண் இறுகிய இடத்தில் கலப்பை இழுவை கூடும்போது டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் நடுக் கம்பி) பின்னாலுள்ள கண்ட்ரோல் ஸ்பிரிங்கை அழுத்தும். உள்ளே வால்வு அசைந்து கலப்பையைச் சற்றே தூக்கும். இழுவை குறைந்ததும் இறக்கும். தூக்கும் நேரத்தில் கலப்பையின் எடை பின் சக்கரத்தில் ஏறுவதால் சக்கரம் வழுக்காது. ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த முறை இது. சிறிய வண்டி பெரிய கலப்பையை இழுப்பதன் ரகசியமும் இதுதான்.

இது வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஸ்பிரிங். டாப் லிங்கைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் கொக்கியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் மண் தரும் அழுத்தம் அந்த இடைவெளியிலேயே தீர்ந்துவிடும், வால்வு வரை போகாது.

பொசிஷன் லிவரில் 'டிரான்ஸ்போர்ட்' (கருவியை முழுதாகத் தூக்கிய) நிலைக்கு மேலே 'கான்ஸ்டன்ட் பம்பிங்' என்று ஒரு நிலை உண்டு. டிப்பர் டிரெய்லர் தூக்க மட்டும் அது. மற்ற நேரத்தில் லிவரை அங்கே விட்டால் ரிலீப் வால்வு இடைவிடாமல் ஊதும், எண்ணெய் கொதித்துவிடும்.

கேஜ்வீல்:
டெல்டா களியில் ஒன்பது கலப்பைக்கு டிராப்ட் போடாதீங்க. ஈரக் களியில் இழுவை ஒரே சீராக வராது, கலப்பை ஏறி ஏறி இறங்கும், உழவு அலை அலையாகத் தெரியும். பொசிஷன்ல ஆழத்தை வெச்சு ஓட்டுங்க.

கோபிஉழவன்:
ஈரக் களிக்கு நீங்க சொல்றது சரிங்க. ஆனா அவருக்குப் பாதி மேட்டு நிலம்னு சொல்லியிருக்காரு. கோடை உழவுல சட்டிக் கலப்பைக்குப் பொசிஷன் போட்டா மேடு வந்த எடத்துல ஆழமா குத்தி, வண்டி திணறி நின்னுரும். அங்க டிராப்ட்தான். ஏறி ஏறி இறங்குறது அதிகமா இருந்தா ரெஸ்பான்ஸை ஸ்லோ பக்கம் தள்ளுங்க, பாதி அடங்கிரும்.

வேளாண்பொறி:
இருவர் சொல்வதும் அவரவர் மண்ணுக்குப் பொருந்தும். ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் மாட்டும் முன் அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவு வண்டிக்கு மூன்று புள்ளி இணைப்பில் கேட்டகரி 1: கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகரி 2 கருவியில் இவை 28, 25. பெரிய வண்டிக்குச் செய்த பழைய ரோட்டவேட்டரை வாங்கினால் அதன் பின், கீழ் லிங்க் முனையில் உள்ள உருண்டைத் துளைக்குள் நுழையாது. சிலர் பின்னைக் கடைந்து சிறிதாக்குவார்கள். செய்யாதீர்கள், கழுத்தில் உடையும். சரியான பின்னை மாட்டுவதே வழி. அதே போல் பெரிய துளையில் சிறிய பின்னைப் போட்டு ஓட்டினால் துளை முட்டை வடிவமாகிவிடும், புஷ் போட வேண்டும். பி.டி.ஓ. முனை 35 மி.மீ., 6 ஸ்ப்லைன். இந்திய தர நிர்ணயத்தில் இணைப்புக்கு ஐ.எஸ். 4468, பி.டி.ஓ.வுக்கு ஐ.எஸ். 4931. கருவி விற்பவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேட்கலாம்.

மாட்டும் வரிசை: முதலில் இடது கீழ் லிங்க், பிறகு வலது, கடைசியாக டாப் லிங்க். வலது பக்கம்தான் உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க முடியும், அதனால் இடதை மாட்டிவிட்டு வலதைத் துளைக்கு நேராகக் கொண்டுவரலாம். மூன்றிலும் லிஞ்ச் பின் (வளையம் உள்ள பூட்டுப் பின்) கட்டாயம். கம்பியை வளைத்துச் செருகுவது போதாது.

பக்கச் சங்கிலி: ரோட்டவேட்டருக்கும் லெவலர் பிளேடுக்கும் இறுக்கமாக. சட்டிக் கலப்பைக்கு இரு பக்கமும் சுமார் 5 செ.மீ. ஆட விடுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

கல்டிவேட்டரில் முன் வரிசை ஆழமாகவும் பின் வரிசை மேலேயும் போனால் டாப் லிங்கை நீட்டுங்கள். பின் வரிசை ஆழமாகப் போனால் குறுக்குங்கள். சமன் பார்க்க வேண்டியது கொழு மண்ணுக்குள் ஓடும்போது. களத்தில் நிறுத்திப் பார்த்தால் ஏமாற்றும். சட்டிக் கலப்பையில் டிஸ்க் கோணம் 42 முதல் 45 டிகிரி, சாய்வு 15 முதல் 25. இறுகிய மண்ணில் சட்டி இறங்க மறுத்தால் சாய்வைக் குறையுங்கள். ஒட்டும் களியில் கூட்டுங்கள். முதல் சாலில் சமன் சரியாக வராது. இரண்டாவது சாலில் வலது சக்கரம் உழுத சாலுக்குள் இறங்கிய பிறகு வலது லிங்கைத் திருகிச் சட்டகத்தை மட்டமாக்குங்கள்.

கேஜ்வீல்:
ஐந்தடி ரோட்டவேட்டர் இந்த வண்டிக்குக் களியில் பெரிசு. நாலடி போதும். சேத்துல ஓடும், காஞ்ச களியில கறுப்புப் புகை தள்ளும்.

செம்மண்பட்டறை:
நாலடி சௌகரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ரோட்டவேட்டரின் அகலம் பின் டயர் தடத்தை மூட வேண்டும். நாலடியில் தடம் ஒரு பக்கமாவது வெளியே நிற்கும், அதனால் கருவியை ஒரு பக்கம் தள்ளி மாட்ட வேண்டும். ஐந்தடியை வாங்குவதானால் கியர்பாக்ஸ் பின் மூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் ஒரு ஜோடி கியரை இடம் மாற்றிப் போட்டால் ரோட்டர் வேகம் மாறும். இறுகிய மண்ணுக்கு மெதுவான ஜோடி, லோ முதல் கியர், ஒரே ஓட்டில் முழு ஆழத்துக்கு ஆசைப்படாமல் இரண்டு ஓட்டு. ஆழத்தை ஸ்கிட்டில் (கருவியின் பக்கத்தில் உள்ள சறுக்குத் தகடு) வையுங்கள்.

வாங்கும் முன்: ரோட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் ஆட்டம், சீலில் கசிவு. ஷாப்டில் பிளேடு மாட்டும் தட்டுகளில் வெல்டிங் வெடிப்பு. பிளேடுகள் இடது, வலது எனச் சுருள் வரிசையில் இருக்க வேண்டும். வரிசை தவறி மாட்டினால் பல பிளேடுகள் ஒரே நேரத்தில் மண்ணைக் குத்தி, வண்டி முழுதும் அதிரும். நீண்ட நாள் நின்ற கருவியில் சிலிப் கிளட்ச் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பிரித்துத் தேய்த்து மாட்டாவிட்டால் கல் தட்டும்போது அது வழுக்காது, அடி நேராகக் கியருக்குப் போகும். ஷியர் போல்ட் உள்ள கருவியென்றால் புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே போல்ட் போடுங்கள். உடைவதற்காகத்தான் அது இருக்கிறது.

பின்னால் எடை ஏறுவதால் முன் சக்கரம் இலகுவாகும். கருவியைத் தூக்கிய நிலையிலும் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் எடை கட்டுங்கள்.

540க்கு மீட்டரில் கோடு இருக்கும். பழைய வண்டிகளில் மீட்டர் ஓடாது என்பதால், கையில் பிடிக்கும் டிஜிட்டல் டேக்கோமீட்டர் ஒன்று வாங்கி, பி.டி.ஓ. முனையில் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அளந்து, கை ஆக்சிலேட்டரில் அந்த இடத்தைப் பெயிண்டால் குறியுங்கள்.

வடவாற்றங்கரை:
ஐந்தடியையே எடுத்துவிட்டோம், சோதித்த பிறகு. கூட வந்த ஷாப்ட் நீளம். முழுதாக மூடினால் 660 மி.மீ. வண்டிக்கும் கருவிக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் 640, அதிகபட்சம் 740. ஒவ்வொரு குழாயும் 460. எவ்வளவு வெட்டுவது? தூக்கி இறக்கி அளக்கும்போது பி.டி.ஓ. சுற்றுகிறதே, எப்படி அளப்பது?

செம்மண்பட்டறை:
நல்ல இடத்தில் நிறுத்திக் கேட்டீர்கள். இந்த வண்டியில் பி.டி.ஓ. சுற்றாமல் லிப்டைத் தூக்க முடியாது. அதனால் அளக்கும்போது ஷாப்டை மாட்டவே கூடாது. கருவியைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, இரண்டு முனைகளின் லாக் பள்ளத்துக்கு இடையே அளக்க வேண்டும். கீழே, நடுவில், மேலே என்று மூன்று உயரத்திலாவது அளக்கவும். மிகக் குறைந்த தூரம் பெரும்பாலும் இரண்டு முனைகளும் நேர்க்கோட்டுக்கு வரும் உயரத்தில் இருக்கும், உச்சியில் இல்லை.

கணக்கு: குறைந்த தூரம் 640. உள்ளே முட்டாமலிருக்க 40 மி.மீ. இடைவெளி. ஆகவே மூடிய நீளம் 600 ஆக வேண்டும். 660லிருந்து 60 குறைய வேண்டும், உள் குழாயிலும் வெளிக் குழாயிலும் ஆளுக்கு 60 வெட்டுங்கள். பிளாஸ்டிக் உறையிலும் அதே 60. மீதிக் குழாய் 400. 740க்கு விரியும்போது 140 வெளியே வரும், உள்ளே 260 நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது, 150க்கும் மேல் இருக்கிறது. போதும்.

வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, இரும்புத் தூளை ஊதி எடுத்து, உள் குழாயில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். குழாயின் இரண்டு முனை யோக்குகளும் (கவை போன்ற முனைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தவறினால் அதிர்ந்து கிராஸ் பேரிங் போய்விடும்.

வேளாண்பொறி:
பி.டி.ஓ. சுற்றினால்தான் லிப்ட் எழும் என்பதால் வரும் இன்னொரு விஷயம்: வரப்போரம் திரும்பும்போது ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டேதான் மேலே எழும். ஆகவே பிளேடு மண்ணைவிட்டு வெளியே வரும் அளவுக்குத் தூக்கினால் போதும். முழு உயரத்துக்குத் தூக்கினால் ஜாயிண்ட் கோணம் 30 டிகிரியைத் தாண்டி உடையும். பொசிஷன் லிவருக்கு அந்த உயரத்தில் நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் போகும்போது ஷாப்டைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். தூக்கிய பிறகு கைகள் இறங்குகின்றனவா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் சடசடவென இறங்கினால் சிலிண்டர் ரிங்கோ வால்வோ கசிகிறது.

கருவிக்கு அடியில் எது செய்தாலும் எஞ்சின் நின்று, சாவி கையில் இருந்து, கட்டை கொடுத்த பிறகுதான். 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. தோளில் துண்டும் கட்டிய வேட்டியுமாக ஓடும் ஷாப்ட் பக்கம் போக யாரையும் விடாதீர்கள். உறை உடைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கேஜ்வீல்:
கேஜ் வீல் போட்டுச் சேத்துல இறங்கும்போது ஒண்ணு. வண்டி புதைஞ்சு, சக்கரம் சுத்தாம, முன்பக்கம் எழும்புற மாதிரி தெரிஞ்சா உடனே கிளட்சை முழுசா மிதிங்க. ரிவர்ஸ்லதான் வெளிய வரணும். சக்கரத்துக்கு முன்னால கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏத்தப் பார்க்காதீங்க, சக்கரம் சிக்கி நின்னா வண்டி அச்சைச் சுத்தி அப்படியே பின்னால கவிழும். இழுத்து வெளிய எடுக்கச் சங்கிலி கட்டினாலும் கீழ டிராபார்லதான் (இழுவைச் சட்டம்) கட்டணும், டாப் லிங்க் கொக்கியில கட்டவே கூடாது.

வடவாற்றங்கரை:
60 வெட்டியாயிற்று, யோக் நேர் பார்த்து மாட்டியாயிற்று. டீலரிடமிருந்து ஓட்டுநர் கையேடு வந்துவிட்டது. பார்ட்ஸ் கேட்டலாக்கில் ஹைட்ராலிக் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டேன். டிப் ஸ்டிக் லேசாக வெளுத்திருக்கிறது. நாளை எண்ணெயை இறக்கி ஸ்டிரெய்னரைப் பார்த்துவிட்டு, எண்ணெய் எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.

கோபிஉழவன்:
காலையில வண்டியை ஓட்டுறதுக்கு முன்னாடியே டிரெயின் பிளக்கை லேசா தளர்த்துங்க, லிப்ட் கை கீழ இருக்கணும். அடியில தேங்குன தண்ணி முதல்ல வரும், அதைத் தனி டப்பாவுல பிடிச்சு எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் பிளக்கை இறுக்கி, கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிட்டு மீதியை இறக்குங்க. டம்ளர் அளவுக்கு மேல இருந்தா பின் அச்சு ஆயில் சீலையும் கியர் லிவர் ரப்பர் உறையையும் சோதிச்சுட்டுத்தான் புது எண்ணெய் ஊத்தணுங்க.